ஒன்பதாம் வகுப்பு வீடு தேடியபோது

மேசைமேல் ட்ரில் மாஸ்டரின் போன். ஸ்பீக்கர் போட்டிருந்தது. மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் என் மேசையைச் சுற்றி நின்றது. பின்பெஞ்சுக்காரர்கள் பெஞ்சு மேலேயே ஏறி நின்றார்கள். இறங்கு என்று நான் சொல்லவில்லை. வெளியே விடாத மழை. கிடங்குத் தெருவிலிருந்து நனைந்த சாக்கும் சுக்கும் கலந்த வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

போனுக்கு முன்னால் மௌசுமி நின்றாள். ஈரப் பின்னலை முன்னால் போட்டு அதன் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மணி போவது யாருடைய போனில் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். எண்ணை நிஹால் உரக்கப் படித்தபோதே, பாதியில் தெரிந்துவிட்டது. அது என் கணவரின் எண்.

"அடுத்த நம்பர் போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

அவகாசம் என்ற சொல்

என் தமிழைப் பற்றி ஏற்கனவே சொல்லியிருக்கிறேன். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா முனிசிபாலிட்டி லாரி ஓட்டியவர். பள்ளிக்கூடம் மலையாளம், வீட்டில் பேச்சு மட்டும் தமிழ். அதிலும் பாதி மலையாளம். எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான், அதுவும் வாரப் பத்திரிகைகளை வைத்து.

மலையாளத்தில் 'அவகாசம்' என்றால் உரிமை. தமிழில் நேரம், சாவகாசம். மனித உரிமையை அவர்கள் 'மனுஷ்யாவகாசம்' என்பார்கள். சின்ன வயதில் அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது, மனுஷனுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்வதாகவே நினைத்தேன். லாரி ஓட்டிவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடும் அப்பாவை நினைத்து, நல்ல சட்டம்தான் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பின்னாளில் சமூக அறிவியல் டீச்சர் ஆகி, அந்தப் பாடத்தை நானே வருஷா வருஷம் நடத்தினேன். மனித உரிமைப் பாடமும், அதற்கு அடுத்து வரும் 'மாற்றுக் கருத்தை மதித்தல்' பாடமும் நடத்துவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. மற்ற டீச்சர்கள் புத்தகத்தைப் படித்துக் கேள்வி பதில் எழுதிப் போடுவார்கள். நான் கதை சொல்லுவேன்.

நான் நன்றாகச் சொல்லும் ஒரு கதை

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை இடித்தார்கள். அம்மா என்னையும் கைக்குழந்தையான தம்பியையும் கூட்டிக்கொண்டு வீடு தேடி அலைந்தாள். ஒரு வீட்டில் வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்த ஓர் அம்மா எங்களை உட்காரவைத்து, தம்பிக்குச் சர்க்கரை போட்ட தண்ணீர் கொடுத்தார். வீட்டையும் திறந்து காட்டினார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

கிளம்பும்போது அம்மா என்னிடம் தமிழில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பாண்டிக்காரர்களுக்கு, அதாவது தமிழர்களுக்கு, கொடுப்பதில்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதை ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்பில் சொல்லுவேன். சர்க்கரைத் தண்ணீர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். பாண்டிக்காரர் என்ற சொல் வரும்போது கொஞ்சம் நிறுத்துவேன். முன்வரிசைப் பெண்களுக்குக் கண் கலங்கிவிடும். நன்றாகச் சொல்லுவேன் என்று எனக்கே தெரியும். அதுதான் இப்போது உறுத்துகிறது.

அந்த வருஷம் கதை முடிந்ததும் நிஹால் எழுந்தான். கொச்சங்காடியில் அவன் அப்பாவுக்கு மிளகு கமிஷன் வியாபாரம். பையனுக்கு வாய் நீளம். அதெல்லாம் அந்தக் காலம் டீச்சர், இப்போது யார் அப்படிச் சொல்கிறார்கள் என்றான். இந்த ஊரில் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எல்லாரும் ஒரே தெருவில்தானே இருக்கிறோம் என்றான்.

பின்வரிசையிலிருந்து மௌசுமி சொன்னாள்: "இப்பவும் சொல்றாங்க."

அவள் எழுந்து நின்றுகூடச் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி சொன்னாள்.

மௌசுமி

அவள் அப்பா அஸ்ஸாமிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். இவள் இரண்டாம் வகுப்பிலிருந்தே எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் வார்த்தையை இழுத்து முடிக்கும் அந்த ராகம் அவளுக்கு அப்படியே வரும். போனில் கேட்டால் இந்த ஊர்க்காரி என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

அவர்கள் இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மழை முடிவதற்குள் வேறு வீடு கிடைக்காவிட்டால் நகரத்தின் மறுகோடியில் அப்பாவின் கூட்டாளிகள் இருக்கும் ஏலூருக்குப் போய்விட வேண்டியதுதான் என்றாள். படிப்பு பாதியில் நிற்குமா, அங்கே தொடருமா என்பது அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பள்ளிக்கு வரும் வழியில் 'வாடகைக்கு' என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களின் எண்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பிலிருந்தே பேசிப் பார்க்கலாம், என்ன பதில் வருகிறது என்று நீங்களே கேளுங்கள் என்றேன். வகுப்பு துள்ளியது.

பேசுவது யார் என்று கேட்டபோது மௌசுமியே கை தூக்கினாள். வீட்டில் எப்போதும் தான்தான் பேசுவது, அப்பாவுக்கு மலையாளம் தடுமாறும் என்றாள். ஒரு பிள்ளையை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, 'இல்லை' என்ற பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்கப் போகிறோம் என்பது எனக்குத் தோன்றவில்லை. நல்ல பாடம் ஒன்று அமைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தேன். போன் கொடுத்த ட்ரில் மாஸ்டர்தான், "அந்தக் கொச்சுப் பிள்ளைக்கு சங்கடமாகாதா டீச்சர்?" என்று கேட்டார். தைரியமான பெண் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

அந்தப் போன்

எங்கள் வீடு தோப்பும்படியில். மாடி போர்ஷனை மகளுக்காகக் கட்டினோம். அவள் பெங்களூரில் வேலையும் கல்யாணமுமாக அங்கேயே இருந்துவிட்டாள். வாடகைக்கு விடலாம் என்று, கொச்சங்காடியில் இருக்கும் தன் எலக்ட்ரிக்கல் கடை வாசலில் அவர் ஒரு போர்டு மாட்டியிருந்தார். கடை என் வீட்டுக்காரருடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவரைப் பற்றி இந்தத் தொடரில் நல்லதாகவே எழுதியிருக்கிறேன். மாற்றி எழுத இப்போதும் காரணம் இல்லை. தெருவில் யார் வீட்டில் பியூஸ் போனாலும் முதலில் ஓடுகிறவர். என் தாயார் கதை அவருக்கும் தெரியும். அதனால்தான் நான் போனை நிறுத்தவில்லை. அவர் நல்லபடியாகப் பதில் சொல்லுவார், உடனே நான் பிள்ளைகளைப் பார்த்து, "இது எங்க வீடுதான்" என்று சொல்லுவேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். முகத்தில் சிரிப்புகூட வந்திருக்கும்.

வகுப்பில் பேசியதெல்லாம் மலையாளம். தமிழாக்கித்தான் எழுதுகிறேன்; ஓரிரு வார்த்தையை அப்படியே விடுகிறேன்.

"ஹலோ, ஆரா?"

"அங்கிளே, வீடு வாடகைக்குன்னு போர்டு பார்த்தேன். காலியா இருக்கா?"

"இருக்கு மோளே. மாடி. ரெண்டு ரூமும் அடுக்களையும். நல்ல வெளிச்சம். எத்தனை பேரு?"

"அப்பா, அம்மா, நான், தம்பி."

"நல்லது. குடும்பத்துக்குத்தான் குடுக்கறது. சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டு வா. நாடு எவிடெயா?"

"அஸ்ஸாம்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெஞ்சு மேல் நின்றவர்கள்கூட அசையவில்லை.

"அய்யோ மோளே, காலைலதான் ஒரு பார்ட்டி வந்து உறப்பிச்சிட்டுப் போனாங்க. நான் மறந்துபோனேன். வேற எங்கயாவது நோக்கு, கேட்டோ."

கடைசி வரை அந்த 'மோளே'யை, மகளே என்பதை, அவர் விடவில்லை. காலையில் யாரும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் அவர் என்னோடு உட்கார்ந்து புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிஹாலின் கேள்வி

அதற்கு முன்பும் சில பேர் மறுத்திருந்தார்கள். ஒருவர் முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டார். அப்போதெல்லாம் வகுப்பு 'ஊ' என்று கத்தியது. இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. அவ்வளவு அன்பாகப் பேசிய மனுஷர் என்பதால் இருக்கலாம்.

ஸ்ரீலட்சுமி என்ற பெண் மெதுவாகச் சொன்னாள். தங்கள் வீட்டிலும் வெளி மாநிலத்தவருக்குக் கொடுப்பதில்லை. முன்பு இருந்தவர்களைத் தேடிப் போலீஸ் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பயம். பயப்படுகிறவரை எப்படிக் குற்றம் சொல்வது என்றாள். பையன்கள் அவள்மேல் பாய்ந்தார்கள். நான் அவர்களை அடக்கி, அவளை முழுதாகப் பேசவைத்தேன்.

நான் செய்தது சரிதான். செய்த காரணம் சரியில்லை. அவள் பேசப் பேச எனக்கு மூச்சு சீராகிக்கொண்டிருந்தது.

அப்போது நிஹால் கேட்டான்: "டீச்சர், எல்லார் கருத்தையும் மதிக்கணும்னு சொல்லித் தந்தீங்களே. இப்ப அந்த அங்கிள் சொன்னதும் ஒரு கருத்துதானா? அதையும் மதிக்கணுமா?"

எத்தனையோ வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அதைவிட நல்ல கேள்வி எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நான் சொன்ன பதில் இது: "அவருக்கும் ஏதாவது காரணம் இருக்கும். தெரியாம நாம தீர்ப்பு சொல்லக் கூடாது."

மௌசுமி தலையை ஆட்டினாள். சரி டீச்சர் என்பதுபோல. மணி அடித்தது.

வீட்டில்

சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். பேசிய பெண் என் மாணவி என்றும், நாற்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னேன். அம்மாவின் கதையைச் சொன்னேன். வகுப்பில் சொல்லும் அதே குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. அதிசயப்பட்டவர்போலத்தான் இருந்தார்.

"நீதானே பறஞ்சே? பக்கத்து வீட்டுல வடக்கத்தி டைல்ஸ் வேலைக்காரப் பசங்க இருந்தப்ப, அந்தக் கடுகெண்ணெ வாசனை அடுக்களைக்குள்ள வந்தா தலை கறங்குதுன்னு. எப்ப ஒழிவாங்கன்னு தெனமும் கேப்பே. நம்ம மாடிக்கு மட்டும் இவங்களைக் கொண்டாந்துடாதீங்கன்னு நீதானே பறஞ்சே?"

நான் இல்லை என்றேன். ஞாபகம் இல்லை என்றேன். சொல்லும்போதே அடுக்களை ஜன்னலை நான் படாரென்று சாத்தும் சத்தம் காதில் கேட்டது. அந்தப் பையன்கள் எதிரே வந்தால் முகம் திருப்பிக்கொண்டு போவேன். அவர்களில் ஒருவன் ஒருநாள் என் காய்கறிப் பையைத் தூக்கிவந்து வாசலில் வைத்தான். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

அவர் மறுத்தது எனக்காக. மனைவிக்குப் பிடிக்காது என்று, ஒரு சின்னப் பொய்யைச் சொல்லி, யார் மனதும் நோகாமல் முடித்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிறு சாயங்காலம் அவரே வந்து, அவங்களை வந்து பார்க்கச் சொல்லு என்றார். கடைக்குப் போய் போர்டையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை

வகுப்பில் நான் உட்காராமல் சொன்னேன். கடைசியாகப் பேசியது என் வீட்டுக்காரர். வீடு என் வீடு. யாரும் வந்து உறுதி செய்யவில்லை. அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான். அதோடு, நிஹால் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. பயமாக இருக்கிறது என்று ஸ்ரீலட்சுமியின் அப்பா சொல்லலாம். அதை நாம் கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது கருத்து இல்லை. அது ஒரு செயல், இன்னொருத்தருக்குச் செய்கிற கெடுதல்.

குரல் எங்கேயும் தாழ்த்தவில்லை. எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. சொல்லி முடித்தபோது பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் வெட்கப்படுவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். நிஹால் மட்டும், "ஓ" என்றான்.

இடைவேளையில் மௌசுமி வராந்தாவில் என்னிடம் வந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் டீச்சர். ஒருவேளை அந்தப் பார்ட்டி வரலைன்னா மறுபடி கேக்கலாம்னு நம்பரை சேவ் பண்ணினேன். வாட்ஸாப்புல உங்க ரெண்டு பேர் போட்டோ வந்துச்சு."

மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. மாலையும் சிரிப்புமாக இருப்போம்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. எதுக்கு?"

மூன்று நாள் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மூன்று நாளும் நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன்? வகுப்பில் இதை எப்படிச் சொன்னால் என் மரியாதை கொஞ்சமாவது மிஞ்சும் என்று.

அவர்கள் வீட்டில்

அன்று மாலையே அவர்கள் இருந்த இடத்துக்குப் போனேன். கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் பின்பக்கம், ஒற்றை அறை. மௌசுமியின் அம்மா கட்டிலில் விரித்திருந்த துணிகளை அள்ளி ஒதுக்கி என்னை உட்காரவைத்தார். சாயா வந்தது. தட்டில் பிஸ்கட்டும் வந்தது. நல்ல பசி எனக்கு, ஆனால் பிஸ்கட்டைத் தொட முடியவில்லை.

மாடியைப் பற்றிச் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். மௌசுமியின் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, டீச்சர் வீட்டிலேயே இடம் கிடைப்பது பாக்கியம் என்று உடைந்த மலையாளத்தில் சொன்னார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லவில்லை.

மௌசுமி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். ஏலூரில் கூட்டாளி ஓர் இடம் சொல்லியிருக்கிறான், அங்கேயே போய்விடலாம் என்று நினைக்கிறோம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தினேன். படிப்பைச் சொன்னேன். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது, நன்றாகப் படிப்பாள் என்றார்.

என்னை ரோடு வரை கொண்டுவந்து விட மௌசுமி கூட வந்தாள். குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு, தான் பாதி நனைந்தபடி நடந்தாள்.

"உனக்குக் கோபமா?"

"இல்ல டீச்சர்."

"பின்னே ஏன் வேண்டாம்னு சொன்னே?"

அவள் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்கு மேல இருந்தா நான் எப்பவும் நல்ல பொண்ணா இருக்கணும். அம்மாவும் சத்தம் போடாம இருப்பாங்க. தம்பியைத் திட்டக்கூட முடியாது. பாவம், டீச்சர் நமக்கு வீடு தந்தாங்கன்னு தெனமும் நினைச்சுக்கிட்டே இருக்கணும்." பிறகு, எனக்கு வருத்தமாகிவிடக் கூடாது என்பதுபோலச் சேர்த்துச் சொன்னாள்: "எனக்கு வீட்டுல சண்டை போடணும் டீச்சர். அது இல்லாம முடியாது."

பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

அந்த மாதமே அவர்கள் ஏலூருக்குப் போய்விட்டார்கள். வருகைப்பதிவில் நான் தாண்டிப்போகும் அவள் பெயரை நிஹால் சில நாள் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவனும் விட்டுவிட்டான். அடுத்த வருஷமும் அந்தப் பாடம் வந்தது. அம்மாவின் கதையை நான் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் போனைச் சொன்னேன். மோசமாகச் சொன்னேன், பிள்ளைகளுக்குப் பாதி புரியவில்லை. அதற்கடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன்.

இடப்பள்ளியில்

போன ஓணத்துக்கு முன்னால் மகளுக்குப் புடவை எடுக்க இடப்பள்ளி போயிருந்தேன். வெயில் நேரம். பஸ் நிறுத்தத்தில் பிளஸ் டூ யூனிபாரத்தில் ஒரு கூட்டம் பெண்கள். நடுவில் ஒருத்தி, யாரையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கையை இடுப்பில் வைத்து, குரலை மாற்றி, முகத்தைக் கோணி. மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவளும் நடிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வாயைப் பொத்தாமல், ரோடே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எங்கள் வகுப்பில் நான் கேட்டதே இல்லை. அதனால்தான் அது மௌசுமி என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரமானது.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. இடுப்பிலிருந்து கை இறங்கியது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, நேராக நின்று, "குட் ஆஃப்டர்நூன் டீச்சர்" என்றாள்.

எப்படி இருக்கிறாய் என்றேன். நன்றாக இருக்கிறேன் என்றாள். நன்றாகப் படிக்கிறாயா என்றேன். படிக்கிறேன் டீச்சர் என்றாள். தோழிகளும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குமேல் அங்கே நிற்பது நியாயமில்லை என்று தோன்றியது. வரட்டுமா என்று சொல்லிவிட்டுத் துணிக்கடைப் பக்கம் திரும்பினேன்.

மூலை திரும்பியதும், ஒரு பழக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். ஆரஞ்சு பார்ப்பதுபோல ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். கடைக்காரர் எத்தனை கிலோ என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன்.

சற்று நேரமாயிற்று. பிறகு அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது.